கழற்றுவது எளிது, பூட்டுவது?

2021 ஜூலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி. இந்தியாவின் மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருந்தபோது துப்பாக்கி பழுதாகிவிட்டது. சரிசெய்வதற்குள் பல நிமிடங்கள் பறிபோயின. பெற்ற புள்ளிகள் 575. இரண்டே புள்ளியில் இறுதிச்சுற்று கைநழுவியது.

பழுது பார்க்கக் கழற்றிய துப்பாக்கியைத் திரும்பப் பூட்டும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் தெரியுமா?

முதலில் காற்று. சிலிண்டரில் அதன் அழுத்தம் சுமார் 200 வளிமண்டலம். அதாவது, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 200 கிலோ எடை! அதை அடைத்து நிற்பது சிறு ரப்பர் வளையம். வளையம் முறுகினாலோ, தூசி ஒட்டினாலோ காற்று கசியும். ஆகவேதான் குண்டையும் சிலிண்டரையும் அகற்றிய பிறகே வேலையைத் தொடங்குவார்கள்.

அடுத்தது டிரிக்கர். அதை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடை தேவை என்பது விதி. எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். சுருள்வில் அமுங்கும் அளவுக்கு ஏற்பவே அதன் விசை இருக்கும். திருகு சற்றுத் தளர்ந்தால் விசை குறையும். துப்பாக்கி சோதனையில் தேறாது.

மூன்றாவது குறிபார்க்கும் பாகங்கள். முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 30 செ.மீ. என்று கொள்வோம். பின்குறி 0.3 மி.மீ. நகர்ந்தால், 10 மீட்டரில் குண்டு 10 மி.மீ. விலகும். இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மி.மீ.தான்! விட்டத்தில் பாதியையும் 4.5 மி.மீ. குண்டின் பாதியையும் கூட்டிப் பாருங்கள், 8 மி.மீ. வரும். பத்து தவறிவிட்டது அல்லவா?

வழி எளியது. கழற்றியவற்றை வரிசையாகத் துணியில் அடுக்குங்கள். கடைசியில் கழற்றியதை முதலில் பூட்டுங்கள். உங்கள் சைக்கிளுக்கும் இதே விதிதான். பூட்டியபின் சோதிக்கவும் மறவாதீர்கள்.

2024 பாரிஸில் அதே போட்டியில் மனு பாக்கர் வெண்கலம் வென்றார்.