அழகான மரமே அதிகம் வளையும்: ஷீஷம், மா மரத் தட்டுகள் உருவாவது எப்படி?

புதுடெல்லி: கைவினைக் கண்காட்சியில் அலங்கார மரத்தட்டு வாங்குவோர் பெரும்பாலும் அதன் நிறத்தையும் வரிகளையும் பார்த்தே முடிவு செய்கின்றனர். அதைச் சமமான மேசை மீது வைத்து, விளிம்பின் ஒரு பக்கத்தை விரலால் அழுத்திப் பார்ப்பவர்கள் குறைவு. தட்டு ஆடினால், மரம் முழுமையாகக் காய்வதற்கு முன்பே அது கடையப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

உத்தரப் பிரதேச மாநிலம் சஹாரன்பூர் மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற நகரம். 2018ஆம் ஆண்டு அம்மாநில அரசு தொடங்கிய ‘ஒரு மாவட்டம், ஒரு பொருள்’ திட்டத்தில் சஹாரன்பூருக்கு உரிய பொருளாக இக்கலையே தேர்வானது. அங்கு அதிகம் பயன்படும் மரங்கள் இரண்டு. ஒன்று ஷீஷம் எனப்படும் சிசு மரம், மற்றொன்று மாமரம்.

தெற்கில் கர்நாடகாவின் சென்னபட்டணாவும் ஆந்திராவின் ஏட்டிகொப்பாகாவும் கடைசல் வேலைக்குப் புகழ்பெற்றவை. ஆனால் அங்குள்ள வழி வேறு. வெட்பாலை மரத்தையே அக்கலைஞர்கள் நம்பியிருக்கின்றனர். வெளிறிய நிறமும் நுண்ணிய இழையும் கொண்ட அம்மரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வரிகள் இல்லை. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகிப் படிகிறது. பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். அங்கு அழகு அரக்கிலிருந்து வருகிறது. ஷீஷம், மா மரத் தட்டுகளில் மரமே அழகைத் தர வேண்டும் என்பதால், மரத்தின் குணக்கேடுகளையும் சேர்த்தே ஏற்க வேண்டியுள்ளது.

ஷீஷத்தின் வைரப்பகுதி பொன்னிறம் முதல் அடர் பழுப்பு வரை பலவாறாக இருக்கும்; இடையிடையே கரும் வரிகள் ஓடும். வெளிப்புற வெண்மரம் வெளிறியது. இவ்விரண்டும் ஒரே தட்டில் அமைந்தால் கிடைக்கும் நிற வேறுபாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு, ஆனால் வெண்மரத்தைப் பூச்சி எளிதில் துளைக்கும். மாமரத்தின் சிறப்பு இன்னும் விசித்திரமானது. காய்ப்பு ஓய்ந்து வெட்டப்பட்ட மரம் ஈரத்தோடு கிடக்கும்போது பூஞ்சைகள் உள்ளே பரவுகின்றன. ஒரு பூஞ்சைக் கூட்டம் மற்றொன்றை நெருங்கவிடாமல் எழுப்பும் எல்லைச் சுவர்களே, மரத்தட்டில் மையால் வரைந்ததுபோல் தெரியும் கருங்கோடுகள். உரிய காலத்தில் எடுத்துக் காயவைத்தால் அது ஓவியம். சில வாரங்கள் தாமதித்தால் உளி பட்டதும் பஞ்சாய்ப் பிய்ந்துவிடும்.

மரம் ஏன் வளைகிறது?

பச்சை மரத்தில் நீர் இரு விதமாக உள்ளது. செல்களின் உள்ளறைகளில் உள்ள நீர் வெளியேறும்போது எடை மட்டுமே குறையும். ஈரப்பதம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பின், செல் சுவர்களிலேயே உள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. மரம் சுருங்குவது அப்போதுதான். அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றாக இருப்பதில்லை. மரத்தின் நீளவாக்கில் அது மிகச் சொற்பம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கணிசமாக இருக்கும். வளையங்களின் போக்கிலோ அதைவிடச் சுமார் இரு மடங்கு. இதனால் வட்டமாகக் கடைந்த தட்டு, காயக் காய நீள்வட்டமாகும். இரு ஓரங்கள் மேலெழும்பும்.

மையத்தை நோக்கிச் செங்குத்தாக அறுத்த பலகை அதிகம் வளையாது, ஆனால் அதில் பெரும்பாலும் நேர்க்கோடுகளே தெரியும். மலை முகடுகள் போலவும் தீச்சுடர் போலவும் வரிகள் வேண்டுமானால், வளையங்களைத் தழுவியபடி அறுக்க வேண்டும். அந்தப் பலகையோ அதிகம் வளையக்கூடியது. கிளை பிரியும் கவட்டைப் பகுதியும், அடிமரத்தில் புடைத்திருக்கும் முண்டும் இதைவிட மோசம். அங்கு இழைகள் எல்லாத் திசையிலும் முறுக்கிக் கிடக்கின்றன. கண்ணைக் கவரும் துண்டும் கைவிட்டுப் போகும் துண்டும் பெரும்பாலும் ஒன்றே.

இதற்கு அனுபவத்தில் கண்ட தீர்வு, இரு முறை கடைவது. முதலில் மரத்தின் நடுக்குருத்தை அறுத்து நீக்குவர். வெடிப்பு தொடங்குவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பிறகு தட்டைத் தடிமனாகவே கடைந்து நிறுத்துவர். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் என்பது கடைசல்காரர்களின் பொதுக் கணக்கு. அதன்படி 30 செ.மீ. தட்டுக்கு 3 செ.மீ. குறுக்கு இழை தெரியும் விளிம்பில் மெழுகு பூசி நிழலில் அடுக்குவர். அவ்வப்போது எடை பார்த்து, அது குறைவது நின்றால் மரம் அடங்கிவிட்டது எனக் கொள்வர். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். சூளை அறையில் காலம் சுருங்கும் என்றாலும், வேகம் கூடினால் மரம் வெடிக்கும். காய்ந்து கோணிய அந்தத் துண்டை மீண்டும் கடைசல் இயந்திரத்தில் பூட்டி, கூடுதலாக விட்ட தடிமனைச் சீவி, வட்டத்தை மீட்கின்றனர். அடிப்பாகத்தைத் துளியளவு குழிவாக விடுவதும் வழக்கம். பின்னர் மரம் சற்றே அசைந்தாலும் தட்டு ஓரத்தில் ஊன்றி நிற்கும்.

இரண்டாவது கடைசலே அபாயமானது. 40 செ.மீ. விட்டமுள்ள தட்டு நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழன்றால், விளிம்பு மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் பாய்கிறது, நடுப்பகுதியோ கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் உளி இரு முறை குறுக்கு இழையைச் சந்திக்கிறது. முனை மழுங்கியிருந்தால் அங்கு மரம் பிய்யும், எவ்வளவு உப்புத்தாள் தேய்த்தாலும் அந்த வடு மறையாது. தேய்ப்பதில் எழும் தூசியும் சாதாரணமானதல்ல. மூக்குப் புழைகளில் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் மரத்தூசியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது. முகத்தில் கட்டிய துண்டு அதற்குப் போதுமான காப்பு அல்ல.

10 கிலோ விதி

தொழிலாளர்களை மிகவும் அலைக்கழித்தது, இயந்திரத்துக்கு வெளியே எழுந்த சிக்கல். மடகாஸ்கர், தென்கிழக்கு ஆசியா ஆகிய பகுதிகளில் ஈட்டி மரக் கடத்தல் பெருகியதால், ஷீஷமும் அடங்கிய ‘டால்பெர்ஜியா’ பேரினம் முழுவதும் 2016ஆம் ஆண்டு சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அறுத்த மரத்தைப் பார்த்து இனம் பிரிப்பது சுங்க அதிகாரிகளுக்குக் கடினம் என்பதே காரணம். இந்தியாவில் பரவலாக வளரும் ஷீஷமும் அதில் சிக்கியது. ஆண்டுக்குச் சுமார் ரூ.1,000 கோடியாக இருந்த ஷீஷம் கைவினைப் பொருள் ஏற்றுமதி ரூ.500 முதல் 600 கோடியாகச் சரிந்ததாகவும், சுமார் 50,000 கைவினைஞர்கள் பாதிக்கப்பட்டதாகவும் மத்திய அரசு தெரிவித்தது.

பின்னர் அளிக்கப்பட்ட விலக்கு, ஒரு சரக்குக்கு 10 கிலோ வரை என்பதாக இருந்தது. 30 செ.மீ. ஷீஷம் தட்டு முக்கால் கிலோ எடை என்று வைத்துக்கொண்டால், 13 தட்டுகளுடன் அந்த வரம்பு முடிந்துவிடும். ஏற்றுமதியாளருக்கு இது விலக்கே அல்ல. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்ஸ் மாநாட்டில் இந்தியா இதை எழுப்பிய பின், வரம்பு ஒவ்வொரு பொருளின் எடைக்குமே பொருந்தும் எனத் தெளிவுபடுத்தப்பட்டது. மரத்தின் எடை மட்டுமே கணக்கில் வரும். உடன் சேர்ந்த உலோகத்தின் எடை சேராது. எனவே தட்டுகள் எத்தனை இருந்தாலும் ஒரே சரக்கில் அனுப்பலாம். மரம் சட்டப்படி பெறப்பட்டது என்பதற்குக் கைவினைப் பொருட்கள் ஏற்றுமதி ஊக்குவிப்பு கவுன்சில் ‘விருக்ஷ்’ சான்று வழங்குகிறது. இணைய அங்காடிகளில் ஷீஷத்தை ‘ரோஸ்வுட்’ என்று விற்பதும் உண்டு. உறவு மரம்தான் என்றாலும், தென்னிந்திய ஈட்டி மரம் வேறு.

உணவு பரிமாறலாமா?

அது பூச்சைப் பொறுத்தது. ஆளி விதை எண்ணெய் காற்றில் இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெய் இறுகாது, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். அரக்குப் பூச்சு பார்வைக்குப் பளபளப்பானது, ஆனால் சூடான பாத்திரம் பட்டால் இளகும். அதில் பழம், உலர் பண்டம் வைப்பதே நல்லது. பூஞ்சைக் கோடுகள் கொண்ட மா மரத்தட்டை ஈர உணவுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது உசிதம்.

தட்டை நீரில் ஊறவைக்கக் கூடாது. கழுவியவுடன் துடைத்து, இரு புறமும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு புறம் மட்டும் காய்ந்தால், இரு முறை கடைந்த தட்டும் வளையும்.