உங்களுக்குத் தெரியுமா? ஓடும் பிள்ளைகளும் நீல மாத்திரையும்

தாம்பரம், செலையூர் பக்கத்து அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது? ‘இரத்தசோகை இல்லா இந்தியா’ திட்டம் 2018-இல் 10 முதல் 19 வயதினருக்கு வகுத்த அளவு 60 மில்லிகிராம்; கூடவே 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம்.

நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு இரும்பு குறைய வேறு காரணங்களும் உண்டு. பாதம் தரையில் அறைய அறையச் சிவப்பணுக்கள் சில உடைகின்றன. வியர்வையிலும் சிறிது இரும்பு போகிறது. போதாக்குறைக்கு, கடும் பயிற்சி முடிந்த 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. இரும்பு உடலில் சேர, மாத்திரையோடு காபி, டீ வேண்டவே வேண்டாம், நெல்லிக்காய் நல்லது.

பயிற்சியாளர்களே, பிள்ளையின் வேகம் காரணமின்றிக் குறைந்தால் திட்டாதீர்கள்; இரும்புக் குறைவாக இருக்கலாம். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்காமல் கூடுதல் மாத்திரை தராதீர்கள்.