குதிரை ஓடியது, கதை நின்றுவிட்டது

ஏர்பேடு: திருப்பதிக்கும் காளஹஸ்திக்கும் இடையே உள்ள மோதுகுலபாளையம் நம் பகுதித் தமிழர்களுக்குத் தெரிந்த ஊர்தான். பக்தவத்சலம் நாயுடு என்ற பெயரில் அங்கே பிறந்தவர் நடிகர் மோகன்பாபு. அவருடைய 'பெத்தராயுடு' (1995) படத்தில் ரஜினிகாந்த் கௌரவ வேடம் ஏற்றதை எல்லோரும் சொல்வார்கள். 1978-லேயே தமிழில் ரஜினிக்கு அவர் வில்லனாக வந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். படத்தின் பெயர் 'தாய் மீது சத்தியம்'.

தேவர் பிலிம்ஸ் தயாரித்த படம். டைரக்‌ஷன் ஆர். தியாகராஜன், இசை சங்கர் - கணேஷ். தெலுங்கில் கிருஷ்ணாவின் 'மோசகாள்ளகு மோசகாடு' (1971), தமிழில் ஜெய்சங்கரின் 'கங்கா' (1972) ஆகியவை போட்டுக் கொடுத்த கௌபாய் பாதையில் இதுவும் வந்தது. பெற்றோரைக் கொலைகாரர்களிடம் பறிகொடுத்த மகன், குதிரையும் துப்பாக்கியுமாகப் பழிவாங்கப் புறப்படுகிறான்.

பெயர் பெற்ற பழைய படமாயிற்றே என்று ஆவலோடு உட்கார்ந்தால் மிஞ்சுவது ஏமாற்றம்தான். அநியாயத்துக்கு ஆளானவன் கதை என்றால், அவன் இழந்தது என்ன என்பது நம் நெஞ்சில் உறைக்க வேண்டாமா? இங்கே சவாரி, சண்டை, பாட்டு என்று ஓடுகிற ஓட்டத்தில் அந்தத் துயரம் பின்தங்கிவிடுகிறது. தேவர் படங்களுக்கே உரிய மிருகங்கள் கைதட்டலை வாங்கிக்கொள்கின்றன. கடைசியில் பழி தீர்கிறது. நமக்குத்தான் ஒன்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

படம் திரைக்கு வருமுன்பே, 1978 செப்டம்பர் 8-ல், சின்னப்பா தேவர் காலமானார். அக்டோபர் 30-ல் படம் வெளிவந்தது. அதே நாளில் வந்த இன்னொரு படம் ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்'. அதிலும் ரஜினி உண்டு. இரண்டிலும் கதாநாயகி ஸ்ரீபிரியா. தேவர் படத்தில் அவர் வீரனுக்கு ஜோடி. மற்றதில் அநியாயத்துக்கு ஆளான மஞ்சுவே அவர்தான். நம்பிய ஆண்கள் ஒவ்வொருவராகக் கைவிட்ட பெண். அவள் கையில் துப்பாக்கி இல்லை. சுட்டுக் கணக்குத் தீர்க்க ஒற்றை வில்லனும் இல்லை. வந்த புதிதில் ஓடாத அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள்.

நம் பக்கத்து ஊர்க்காரருக்காக 'தாய் மீது சத்தியம்' படத்தை ஒருமுறை பார்க்கலாம். பார்த்த கையோடு மஞ்சுவின் கதையையும் பார்த்துவிடுங்கள். ஒரு மனிதருக்கு இழைத்த அநியாயத்தைக் காட்டத் தோட்டா தேவையில்லை என்பது அப்போது விளங்கும்.