இளைப்பாற ஒரு விளையாட்டு

புட்டுக்குழலின் அடியில் முதலில் துளைச் சில்லைப் போட வேண்டும். அதன்மேல் ஒரு பிடி தேங்காய்த் துருவல், பிறகு நனைத்த மாவு, மறுபடியும் தேங்காய். மாவை அழுத்தித் திணித்தால் ஆவி ஏறாது. சில்லை மறந்தால் மாவு மொத்தமும் குடத்துத் தண்ணீருக்குள் விழும். நாஞ்சில் நாட்டு அடுக்களைகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் பார்த்துப் படித்துக்கொள்கிற இந்தப் புட்டு, 2023 ஜூலை 31 அன்று வெளிவந்த ‘வெண்பா’ என்ற வீடியோ கேமில் அவிழ்க்க வேண்டிய ஒரு புதிராக வருகிறது. கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் அதை உருவாக்கியது. 1980களில் தமிழ்நாட்டை விட்டுக் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை அது. வெண்பாவிடம் இருக்கும் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் போனதால், விடுபட்ட படிகளை ஆடுபவரே யோசித்துக் கண்டுபிடித்துச் சமைக்க வேண்டும். தப்பாகச் செய்தால் மறுபடி செய்யலாம். ஓடும் கடிகாரம் இல்லை, எதிரி இல்லை, இழந்துவிடுவோம் என்று பயப்பட எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும். 2024ஆம் ஆண்டு இந்தச் சின்னஞ்சிறு விளையாட்டுக்குப் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதல் படைப்புக்கான விருதைக் கொடுத்தது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசும் அதற்கே கிடைத்தது.

நாஞ்சில் நாடு அடங்கிய கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘கேம்’ என்ற சொல்லைக் கேட்டாலே பெற்றோரின் முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கண்டதெல்லாம் துப்பாக்கிச் சண்டையும் ஆன்லைன் ரம்மியும்தான். அதனால் வீட்டில் நடக்கும் வாக்குவாதம் எப்போதும் நேரத்தைச் சுற்றியே நிற்கிறது: எவ்வளவு நேரமாகப் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய், இன்னும் எவ்வளவு நேரம்? இந்தக் கேள்வி தேவையானதுதான். ஆனால் ஒரு விளையாட்டு மனதை ஆற்றுமா, அலைக்கழிக்குமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதன் விதிகள். தோற்றால் என்ன பறிபோகும், நிறுத்தினால் என்ன தண்டனை, முடிவு என்று ஒன்று இருக்கிறதா, பணம் எந்த இடத்தில் நுழைகிறது? கிடைத்திருக்கும் ஆய்வுகளை இந்தக் கேள்விகளோடு சேர்த்துப் படித்தால், சில வீடியோ கேம்கள் நல்ல இளைப்பாறுதல் என்று தயங்காமல் சொல்ல முடியும்.

ஓய்வு என்றால் என்ன?

உடல் ஆபத்தை உணரும்போது அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, சற்றுப் பின்னால் கார்ட்டிசால் அளவு ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் இவையெல்லாம் தணிய வேண்டும். இன்றைய வேலைகளில் சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்தும் மனம் அதையே அசைபோடுகிறது. உடலும் தணிய மறுக்கிறது. ஜெர்மன் உளவியலாளர் சபீனா சோனென்டாக்கும் சார்லோட் ஃப்ரிட்ஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, வேலைக்குப் பின் மனம் மீள்வதற்கு உதவும் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டியது. வேலை நினைப்பிலிருந்து விடுபடுதல், தளர்தல், புதிதாக ஒன்றைச் செய்து தேர்தல், நம் நேரம் நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு ஆகியவையே அந்த நான்கு. சும்மா படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளினால் இரண்டாவது மட்டும் ஓரளவு கிடைக்கலாம். கை எதையும் செய்து முடிப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்பதை முடிவு செய்வதும் நாமில்லை. அவசரமில்லாத ஒரு விளையாட்டில் நான்குக்கும் இடம் இருக்கிறது. வடிவங்களைப் பொருத்துவதற்கும் இடங்களை நினைவில் வைப்பதற்கும் மூளையின் செயல்நினைவு தேவைப்படுவதால், கவலையை ஓட்டிப் பார்க்க அங்கே இடம் குறைகிறது. விடியும் முன்பே ரப்பர் தோட்டத்துக்குப் போய்வந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கும், இரவுப் பணி முடித்துவந்த செவிலியருக்கும், நீட் பயிற்சி முடிந்து பஸ் ஏறும் மாணவிக்கும் தேவைப்படுவது இந்த இடைவெளிதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி, பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஒரு சோதனையில் 45 மாணவர்கள் பதினைந்து நிமிடம் கணக்குப் போட்டுக் களைத்தார்கள். பிறகு ஒரு குழு பத்து நிமிடம் வடிவங்களைப் பொருத்தும் எளிய போன் விளையாட்டை ஆடியது. இன்னொரு குழு தியானச் செயலியைப் பயன்படுத்தியது. மூன்றாவது குழு விரலில் சுழற்றும் பொம்மையோடு உட்கார்ந்தது. விளையாடியவர்களே கூடுதல் தெம்பாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். சோதனை சிறியது, அதை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. அதைவிடப் பெரியது ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ‘பவர்வாஷ் சிமுலேட்டர்’ விளையாட்டை வைத்து நடத்திய ஆய்வு. அந்த விளையாட்டில் செய்வதெல்லாம் ஒன்றுதான். அழுக்கேறிய வண்டி, முற்றம், சுவர் ஆகியவற்றைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். குழாய் போகும் வழியெல்லாம் அழுக்கு நீங்கி நிறம் தெரிகிறது. ஒரு பகுதி முழுதும் சுத்தமானதும் மெல்லிய மணியோசை கேட்கிறது. ஆடும்போதே ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு, 39 நாடுகளைச் சேர்ந்த 8,695 பேரின் 67,328 ஆட்டங்களிலிருந்து பதில்களைத் திரட்டினார்கள். பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆட்டத்தின்போது மனநிலை சற்று உயர்கிறது என்றும், அந்த உயர்வின் பெரும்பகுதி முதல் பதினைந்து நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது என்றும் 2024இல் வெளியான முடிவு காட்டுகிறது. உயர்வு சிறியதுதான். ஆனால் கால் மணி நேரத்திலேயே பலன் கிடைத்துவிடும் என்பது, மணிக்கணக்கில் ஆடத் தேவையில்லை என்று நமக்குச் சொல்லும் நல்ல செய்தி.

மனம் நன்றாக இருப்பவர்கள்தான் விளையாடுகிறார்களோ, அதனால்தான் இப்படித் தெரிகிறதோ என்று ஐயம் எழலாம். ஜப்பானில் நடந்த ஓர் இயற்கைச் சோதனை அதற்குப் பதில் தருகிறது. கொரோனா காலத்தில் நின்டெண்டோ ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5 கருவிகளுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டதால் கடைகள் குலுக்கல் முறையில் விற்றன. வென்றவரும் தோற்றவரும் ஒரே ஆசையோடு வந்தவர்கள்; அவர்களைப் பிரித்தது குலுக்கல் மட்டுமே. 2020 முதல் 2022 வரை 97,602 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பைக் கொண்டு இந்த இரு தரப்பையும் ஒப்பிட்ட ஆய்வு, 2024இல் ‘நேச்சர் ஹியூமன் பிஹேவியர்’ இதழில் வந்தது. கருவி கிடைத்து விளையாடியவர்களின் மனநலம் மேம்பட்டிருந்தது. நாளுக்கு மூன்று மணி நேரத்தைத் தாண்டியபோது கூடுதல் பலன் குறைந்துகொண்டே போனது. விளையாட்டு மனநலத்தைக் கெடுத்தே தீரும் என்ற பொதுத் தீர்ப்பை இந்த முடிவு தள்ளிவைக்கிறது. அளவு வேண்டும் என்ற பெற்றோரின் கவலையையும் ஏற்றுக்கொள்கிறது.

ஒரே வயல், இரண்டு விதி

வெளித்தோற்றத்தை நம்பினால் ஏமாந்துபோவோம் என்பதற்கு இரண்டு விவசாய விளையாட்டுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2009இல் பேஸ்புக்கில் வந்த ‘ஃபார்ம்வில்’ பச்சைப்பசேல் என்று, குழந்தைப் படம் போல இருந்தது. ஆனால் விதைத்த பயிரை உரிய நேரத்துக்குள் வந்து அறுக்காவிட்டால் அது வாடிப்போனது. ஆடுபவர் அலுவலகத்தில் இருந்தாலும், சாமி கும்பிடப் போயிருந்தாலும், பயிர் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’யிலும் உழவும் விதைப்பும்தான். இங்கே நாம் அணைத்துவைத்தால் அந்த உலகமும் நின்றுவிடும். ஒரு மாதம் கழித்துத் திறந்தாலும் பயிர் விட்ட இடத்திலேயே நிற்கும். ‘அனிமல் கிராசிங்’ என்ற இன்னொரு விளையாட்டில் வீடு கட்டக் கடன் தருகிறார்கள். வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. கந்துவட்டியைக் கண்டு அஞ்சும் ஊர்க்காரருக்கு அந்த விதியின் அருமை உடனே விளங்கும்.

வாடும் பயிர் ஏன் நம்மை இப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு அறிவியலில் விளக்கம் உண்டு. பெறுவதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் காட்டினார்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பிணைக்கிறது என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் அதற்கும் முன்பே புறாக்களை வைத்துக் கண்டிருந்தார். தினமும் வந்தால்தான் பரிசு, உயிர் தீர்ந்தால் அரை மணி நேரக் காத்திருப்பு, காத்திருக்க மனமில்லையென்றால் பணம் என்று இன்றைய இலவச விளையாட்டுகளில் இருக்கும் பொறிகள் இந்த அறிவின்மேல் கட்டப்பட்டவை. ‘கேண்டி கிரஷ்’ஷின் நிறமும் இசையும் இனிமையானவை, ஐந்து உயிர் தீர்ந்ததும் அது கடையாகிவிடுகிறது. சட்டமும் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியைப் பிடித்திருக்கிறது. ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022இல் தனிச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் வந்த ஒன்றிய அரசின் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து, மற்றவற்றைத் தனியே வைத்தது. பணப் பந்தயத்தைச் சட்டம் தடுக்கும். வாடும் பயிரைச் சட்டம் தடுக்காது. அதை வீடுதான் கவனிக்க வேண்டும்.

பல்லாங்குழியின் பாடம்

நல்ல விதி எப்படி இருக்கும் என்று அறிய வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பல்லாங்குழியில் இரு வரிசையாக ஏழேழு குழி. குழிக்கு ஐந்தோ ஆறோ மஞ்சாடி முத்து அல்லது புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்தது வெறுங்குழியானால் அதைத் துடைத்து, அதற்கப்பால் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. அந்தப் பக்கத்துக்காரருக்குச் சொந்தம். போட்டி உண்டு, கணக்கு உண்டு, கைக்கு வேலையும் காதுக்கு ஓசையும் உண்டு. ஆனால் யாரும் அவசரப்படுத்துவதில்லை. நடுவில் அடுப்பைப் பார்த்துவிட்டு வரலாம். பேச்சு நிற்காமல் போகும். முத்து தீர்ந்தால் ஆட்டம் முடியும். சீதைப் பாண்டி என்ற வகையை ஒருவர் தனியாகவே ஆடலாம். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை ஆடியது அது என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. துயரத்தில் இருக்கும் மனத்துக்கு முடிக்கக்கூடிய ஒரு சிறு வேலை ஆறுதல் தரும் என்பதை நம் பாட்டிமார் ஆய்வுக்கூடம் இல்லாமலே அறிந்திருந்தார்கள்.

எதிர்வாதங்கள்

இந்த ஆய்வுகளுக்குப் பின்னால் வியாபாரம் இருக்காதா என்று கேட்பது நியாயம். எளிய விளையாட்டுகள் மன அழுத்தத்தைக் குறைக்கின்றன என்று அமெரிக்காவின் கிழக்குக் கரோலினா பல்கலைக்கழகம் 2009இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பணம் கொடுத்தது, அந்த விளையாட்டுகளை விற்ற பாப்கேப் நிறுவனம்தான். அப்படிப்பட்ட ஆய்வைத் தனித்து நிற்கவைக்கக் கூடாது. ஜப்பானிய ஆய்வு, யார் வெல்வார் என்பதை விற்பனையாளரும் முடிவு செய்ய முடியாத குலுக்கலை நம்பி நிற்பதால்தான் அதற்குக் கூடுதல் எடை. இன்னொரு பக்கம், 38,935 பேரின் விளையாட்டு நேரப் பதிவுகளை ஆராய்ந்து ஆக்ஸ்போர்டு குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு, நேரம் கூடுவதாலோ குறைவதாலோ மனநலத்தில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை என்றது. இது என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றலாம். ஆனால் அதில் கார்ப் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் ‘அனிமல் கிராசிங்’கும் சேர்ந்தே இருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி நேரத்தை மட்டும் அளந்தால், விதியின் வேறுபாடு கணக்கில் கரைந்துவிட வாய்ப்புண்டு.

அடிமைத்தனம் பற்றிய அச்சம் இதைவிடக் கனமானது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எதையும்விட விளையாட்டே முதன்மையாதல், கேடு வந்தபின்னும் நிறுத்த முடியாமை ஆகியவை பொதுவாக ஓராண்டுக் காலம் நீடித்தால் அது நோய். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014 முதலே இதற்கெனத் தனி மருத்துவப் பிரிவை நடத்துகிறது; 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். அந்த நிலையில் இருப்பவருக்கு அமைதியான விளையாட்டைப் பரிந்துரைப்பது வைத்தியமாகாது. ஆழ்ந்த மனச்சோர்வுக்கும் அது மருந்தில்லை. தூக்கத்தைத் தின்றால் எந்த விளையாட்டும் ஓய்வு தராது. சொத்தவிளை கடற்கரையில் காலாற நடக்கலாமே என்பார்கள். நடக்க முடிந்தவர் நடக்கட்டும், அதுவே மேல். இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கும், படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு நகர முடியாத மருமகளுக்கும் கடற்கரை தூரம். கால் மணி நேர விளையாட்டு பக்கத்தில் இருக்கிறது.

எதை ஆடலாம்?

‘மான்யுமென்ட் வேலி’யில் (2014) கண்ணை மயக்கும் கட்டடங்களைத் திருப்பி ஓர் இளவரசிக்கு வழி அமைக்கிறோம், சில மணி நேரத்தில் முடியும். ‘டவுன்ஸ்கேப்பர்’ (2021) கடல்மேல் வண்ண வீடுகளை அடுக்கவிடும்; இலக்கே கிடையாது. ‘அன்பேக்கிங்’ (2021) வீடு மாறிய ஒருத்தியின் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வேலை. ‘ஸ்டார்டியூ வேலி’யும் போனில் கிடைக்கிறது, அதன் ஒவ்வொரு நாளும் விரைவாக ஓடித் தீர்வதால் பதற்றக்காரருக்குச் சற்று நெருக்கடி தரலாம். இவை பெரும்பாலும் ஒருமுறை காசு கொடுத்து வாங்குபவை. இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு நம் கவனத்தையே விலையாகக் கொடுக்கிறோம் என்பதை நினைத்தால், இந்தச் செலவு அதிகமில்லை.

இன்னொரு கடமையும் நமக்கு இருக்கிறது. டொராண்டோவில் இருந்துகொண்டு ஒரு சிறு குழு புட்டையும் இட்லியையும் உலகம் ஆடும் விளையாட்டாக்க முடிந்தது. பொறியியல் கல்லூரிகள் நிறைந்த குமரி மாவட்டத்தில் அதற்கான கைகள் இல்லாமல் இல்லை. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்க மாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அரளிப் பூவை மடித்து, வரிசை பிசகாமல் அடுக்கி, மாணிக்கம் பதித்தது போலத் தோன்றச் செய்யும் அந்தத் தொழிலில் ஓர் அருமையான விளையாட்டு ஒளிந்திருக்கிறது. அதைச் செய்யப்போகும் இளைஞர்கள் ஒரு விதியை மட்டும் முதலிலேயே எழுதிவைக்க வேண்டும்: ஆடுபவர் எழுந்து போனாலும் பூ வாடக் கூடாது. அந்த ஒரு விதியே அது இளைப்பாறவா, ஆளைக் கட்டிப்போடவா என்பதைத் தீர்மானித்துவிடும்.