பதினேழு அணுக்கள்

ஒரு தனிமத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்ல எத்தனை அணுக்கள் வேண்டும்? 101-ஆம் தனிமத்துக்குப் பதினேழு போதுமாக இருந்தது.

1955-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் கிளென் சீபோர்க், ஆல்பர்ட் கியோர்சோ உள்ளிட்ட ஐவர் இந்த வேலையில் இறங்கினார்கள். மூலப்பொருள், 99-ஆம் தனிமமான ஐன்ஸ்டீனியம். 1952 ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் எச்சங்களில் அகப்பட்ட தனிமம் அது. அவர்களிடம் இருந்தது சுமார் நூறு கோடி அணுக்கள். கேட்கத்தான் பெரிய எண். கண்ணுக்கும் தெரியாது, தராசு முள்ளும் அசையாது. போதாக்குறைக்கு, இருபது நாளில் அதில் பாதி சிதைந்துவிடும்.

அதை மெல்லிய தங்கத் தகட்டில் பூசி, சைக்ளோட்ரானில் ஆல்பா துகள்களால் தாக்கினார்கள். ஆல்பாவில் இரண்டு புரோட்டான். 99-உடன் சேர்ந்தால் 101. மோதிய வேகத்தில் புது அணு, கேரம் காய் போலத் தெறித்துப்போய் எதிரே வைத்த இன்னொரு தங்கத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். மூலப்பொருள் அப்படியே மிஞ்சும். மறுபடி மறுபடி தாக்கலாம். என்னைக் கேட்டால், இந்தப் பரிசோதனையின் உயிரே இந்த உத்திதான்.

பிறகு ஓட்டம். புது அணுக்களில் பாதி ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ஆய்வுக்கூடமோ மலைமேல். தகட்டோடு கியோர்சோ தன் வோக்ஸ்வாகன் காரில் பறந்தார். அங்கே தங்கத்தை அமிலத்தில் கரைத்து, பிசின் நிரப்பிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள். எந்தச் சொட்டில் 101 வரும்? தனிம அட்டவணையில் தனக்கு மேலே இருக்கும் தூலியத்தைப் போல அது நடந்துகொள்ளும், ஆகவே ஃபெர்மியத்துக்குச் சற்று முன்னால் இறங்கும் என்று முன்பே கணித்திருந்தார்கள். அங்கேயே இருந்தது.

101 சிதைந்து ஃபெர்மியமாகி, அது தானே இரண்டாகப் பிளக்கும். ஒவ்வொரு பிளவுக்கும் ஒலிக்கும்படி கருவியோடு தீ எச்சரிக்கை மணியை இணைத்துவைத்தார்கள். ஒரு மணியோசை, ஒரு அணு! தீயணைப்புத் துறை விடுமா? மணியைக் கழற்றச் சொல்லிவிட்டது.

தனிமங்களுக்குப் பெரியவர்கள் பெயரை மரியாதைக்காகச் சூட்டுவது உண்டு. இங்கே விஷயம் வேறு. 1869-இல் மெண்டலீவ் வகுத்த அட்டவணைதான் எந்தச் சொட்டில் தேடுவது என்று வழிகாட்டியது. ஆனால் அவர் ரஷ்யர். அது பனிப்போர்க் காலம். சீபோர்க் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்ற பிறகே மெண்டலீவியம் என்ற பெயரை முன்மொழிந்தார். முதலில் 'எம்வி' என்று வைத்த குறியீடு 1957-இல் 'எம்டி' ஆனது. பெயரில் யாரும் கைவைக்கவில்லை.