வற்றிய சதுப்பு மீண்டும் நிறைந்தது

தென் ஈராக் வரண்ட பூமி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 150 மில்லிமீற்றர் வரைதான். ஆயினும் அங்கே பரந்த ஏரிகளும் நாணற் சதுப்புகளும் உண்டு. வேதாகமத்தில் இதெக்கேல், ஐபிராத்து என நாம் வாசிக்கும் தைகிரிஸ், யூபிரட்டீஸ் நதிகளே அவற்றின் தாய். துருக்கி மலைகளில் பனி உருகும்போது வெள்ளம் வந்து பரவும். கோடையில் வற்றிச் சுருங்கும். அவ்வெள்ளம் வண்டலைத் தந்து, மண்ணின் உப்பையும் கழுவிச் செல்லும். அங்குள்ள மக்கள் நாணலால் வீடு கட்டி, எருமை வளர்த்து, மீன் பிடித்து, நெல் விதைத்து வாழ்ந்தனர்.

1991 இல் நடந்த கிளர்ச்சியை அடக்கிய சதாம் ஹுசைனின் அரசு, கிளர்ச்சியாளருக்குப் புகலிடம் இல்லாதொழிக்கவென அணைகளும் கால்வாய்களும் வெட்டி நதிநீரைத் திசைதிருப்பியது. 2000 ஆம் ஆண்டளவில் சதுப்பில் பத்தில் ஒன்பது பங்கு அழிந்துவிட்டது. மக்கள் நகரங்களுக்கும் ஈரானிய அகதி முகாம்களுக்கும் சிதறினர்.

2003 இல் அவ்வரசு வீழ்ந்ததும், ஊரவர்களே மண்வெட்டி கொண்டு அணைகளை உடைத்தனர். 2005 இல் பழைய பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் நின்றது. நாணல் துளிர்த்தது, எருமைகளோடு குடும்பங்களும் திரும்பின. 2016 இல் யுனெஸ்கோ இச்சதுப்புகளை உலக மரபுரிமையாக ஏற்றது.

ஆனால் எல்லா இடமும் ஒன்றுபோல் செழிக்கவில்லை. நன்னீர் ஓடி வடிந்த இடங்களில் நாணல் விரைவில் வளர்ந்தது. நீர் வந்து தேங்கி, வடிய வழியின்றி நின்ற இடங்களில் வெயிலில் உப்பு ஏறியது. பயிரும் மீனும் பிழைக்கவில்லை. மேலும், நதிகளின் மேற்பகுதியில் துருக்கி பெரும் அணைகளைக் கட்டியுள்ளது. மழை குறைந்த 2018 இலும், 2021 முதல் 2023 வரையும் சதுப்பு மீண்டும் வற்றி, எருமைகள் மடிந்தன. திரும்பி வந்த பலர் மறுபடியும் ஊரை விட்டனர்.

கைவிட்ட காணிக்கு ஒருநாள் திரும்பவிருக்கும் கமக்காரக் குடும்பங்களாகிய நாம் இதிலிருந்து அறிவது உண்டு. நீர் வரும் வழியோடு அது வடியும் வழியையும் முதலில் துப்புரவாக்குவோம். உவர் ஏறிய வயலில் உடனே விதைக்காது, முதல் மாரிமழையை வரம்பு கட்டித் தேக்கி, உப்புக் கரைந்தபின் வடியவிடுவோம். மேலூராரோடும் கீழூராரோடும் கூடிப் பேசி நீர்ப்பங்கை ஒழுங்கு செய்வோம். இவை ஒரு குடும்பம் தனித்துச் செய்யக்கூடியவை அல்ல. முகாமில் ஒன்றாக இருக்கும் இக்காலத்திலேயே ஊரவர் கூடிப் பேசத் தொடங்கலாம்.