சகோதரி ரோசெட்டாவின் வெள்ளைக் கிட்டார்

மின்சாரக் கிட்டார் உலகத்தாரின் கருவி, ராக் இசைக்காரர்களின் கையிலிருந்து அது சபைக்குள் நுழைந்துவிட்டது என்று வருத்தப்படும் மூப்பர்கள் நம் தமிழ்ச் சபைகளில் இன்றும் உண்டு. மும்பையிலோ பெங்களூருவிலோ வாடகை மண்டபத்தில் கூடும் ஒரு சபையில், வாலிபர்கள் காணிக்கை சேர்த்து ஒரு மின் கிட்டார் வாங்கி வைத்தால், முதல் ஞாயிறு ஆராதனை முடிந்தவுடனே இந்தப் பேச்சு எழும்பும். அவர்களுடைய பாரம் உண்மையானது. அதைப் பரிகசிக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் அந்தக் கூற்றில் சரித்திரம் தலைகீழாக நிற்கிறது. ராக் அண்ட் ரோல் என்ற பெயர் உலகத்திற்குப் பழகுவதற்கு முன்பே, அந்த வாசிப்பு ஒரு பெந்தெகொஸ்தே ஊழியக்காரியின் மகளுடைய விரல்களில் இருந்தது. அவர் பெயர் ரோசெட்டா தார்ப். அமெரிக்கா முழுவதும் அவரைச் 'சகோதரி ரோசெட்டா' என்றே அழைத்தது. நம் சபைகளில் வழங்கும் அதே 'சகோதரி' தான்.

1906-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் அசுசா தெருவில் உண்டான எழுப்புதலைக் கேள்விப்படாத பெந்தெகொஸ்தே வாசகர் இரார். 1907-இல் அங்கே சென்று ஆவியின் அபிஷேகத்தைப் பெற்றுத் திரும்பியவர்களில் ஒருவர் சார்லஸ் ஹாரிசன் மேசன். அவர் தலைமையில் வளர்ந்த 'சர்ச் ஆஃப் காட் இன் கிறைஸ்ட்' என்னும் கறுப்பின மக்களின் சபையில், மற்றச் சபைகள் பல வெளியே நிறுத்திவைத்த கருவிகளுக்கு இடம் கிடைத்தது. 150ஆம் சங்கீதத்தில் யாழும் தீங்குழலும் கைத்தாளமும் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்க, கிட்டாரை மட்டும் விலக்குவானேன் என்பது அவர்களுடைய நியாயம்.

ஆர்கன்சா மாநிலத்தின் காட்டன் பிளான்ட் என்னும் சிற்றூரில் 1915 மார்ச் 20-ஆம் தேதி ரோசெட்டா பிறந்தார். தாயார் கேட்டி பெல் நூபின் அந்தச் சபையின் சுவிசேஷகி. மேண்டலின் வாசிப்பவர், பாடுபவர். ஏறக்குறைய ஆறு வயதில் மகளை அழைத்துக்கொண்டு அவர் சிகாகோவுக்குப் பெயர்ந்தார். தெற்கின் பருத்திக் காடுகளை விட்டுக் கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் வடக்கின் நகரங்களுக்குப் பிழைப்புத் தேடிப் போன காலம் அது. கடைகள் இருந்த இடங்களை வாடகைக்கு எடுத்து ஆராதனை நடத்தினார்கள்; ஊரில் பாடிய பாட்டையே நகரத்திலும் பாடினார்கள். ஊர் விட்டு ஊர் வந்து சபை கட்டிய நம் வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கூட்டங்களில் கிட்டாருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. கைத்தட்டலும் டாம்பரினும் அல்லேலூயா முழக்கமும் எழும்புகிற இடத்தில் மரக்கிட்டாரின் ஓசை இரண்டாம் வரிசையைக்கூட எட்டாது. இதற்கு முதலில் வந்த தீர்வு மின்சாரம் அல்ல, உலோகம். 1927-இல் நேஷனல் நிறுவனம் கிட்டாரின் வயிற்றுக்குள் மெல்லிய அலுமினியக் கூம்புகளை வைத்து, ஒலியைப் பல மடங்காக்கியது. இளம் ரோசெட்டாவின் கையில் அந்த நிறுவனத்தின் உலோகக் கிட்டார் இருப்பதை 1930-களின் புகைப்படங்களில் காணலாம். பின்பு மின் கிட்டார் வந்தது. அவர் அதற்கு மாறினார். கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவனுக்கும் கேட்க வேண்டும் என்பது பிரசங்கிக்கு இருப்பதுபோலவே வாசிக்கிறவருக்கும் இருக்கும் தேவைதான்.

மின் கிட்டாரின் சூட்சுமம் எளியது. தந்திகளுக்குக் கீழே ஒரு காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் இருக்கும். இதுவே பிக்கப். எஃகுத் தந்தி அதிரும்போது செப்புச் சுருளில் சிறு மின்னோட்டம் உண்டாகிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது. ஆனால் அதே சுருள், சுற்றிலுமுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் பிடித்துக்கொள்ளும். டியூப் லைட்டும் மின்விசிறியும் ஓடுகிற மண்டபத்தில், ஜெப வேளையின் அமைதியில் ஆம்ப்ளிஃபயர் 'ம்ம்ம்' என்று முனகுவதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் நம்மில் அநேகர்.

இதற்கு வழி கண்டவர் கிப்சன் நிறுவனத்தில் வேலை செய்த சேத் லவர் என்னும் பொறியாளர். 1955-இல் அவர் ஒன்றுக்கு இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, காந்தத் துருவங்களையும் இணைப்பையும் எதிரெதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் ஏறும்போது மறு சுருளில் இறங்கி அழிந்துபோகும். தந்தியின் ஓசையோ இரண்டிலும் ஒன்றுகூடிப் பெருகும். முனகலை அடக்குவதால் இதற்கு 'ஹம்பக்கர்' என்று பெயர். எளிய யோசனைதான். ஆயினும் இன்று உலகமெங்கும் செய்யப்படும் மின் கிட்டார்களில் பல இதையோ இதன் வழிவந்ததையோ தாங்கியிருக்கின்றன.

1961-இல் கிப்சன் நிறுவனம் தன் 'லெஸ் பால்' கிட்டாரின் உருவத்தையே மாற்றியது. தடித்த உடலை மெலிதாக்கி, கழுத்தின் இருபுறமும் கொம்புகள்போல வளைத்து வெட்டியது. சில ஆண்டுகளில் அதற்கு 'எஸ்.ஜி.' என்ற பெயர் நிலைத்தது. அதன் உயர்ந்த வகை வெள்ளை வண்ணத்தில், பொன்முலாம் பூசிய மூன்று ஹம்பக்கர்களோடும் கருங்காலி விரல்பலகையோடும் வந்தது. 1960-களின் தொடக்கத்தில் ரோசெட்டா கைக்கொண்டது இதைத்தான். அப்போது அவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார்; நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிட்டார் வாசித்திருந்தார்.

அவ்வளவு பழகிய கைக்கு அந்தக் கருவி என்ன கொடுத்தது? முதலாவது, எட்டும் தூரம். பழைய கிட்டார்களில் மேல் ஃப்ரெட்டுகளை எட்டவிடாமல் உடல் குறுக்கே நிற்கும். இதிலோ கழுத்து உடலோடு சேருகிற இடம் 22ஆம் ஃப்ரெட்டின் அருகில். கை தடையின்றிக் கடைசி சுரம்வரை போய்வரும். இரண்டாவது, எடை. இரண்டு மணி நேரம் நின்றபடி பாடி, வாசித்து, நடந்து, ஆடுகிற ஒரு பெண்ணின் தோளுக்கு மெலிந்த மகோகனி உடல் பேருதவி. மூன்றாவது, மௌனம். அவர் வாசிப்பை நிறுத்தினால் கிட்டாரும் நிறுத்தும். அடியில் முனகல் ஓடாது. பாட்டின் வரியைப் பாதியில் விட்டுவிட்டு, மீதியைக் கிட்டாரால் சொல்லி முடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. போதகர் ஒரு வாக்கியம் சொல்ல, சபை ஆமென் என்று பதில் கொடுப்பதுபோல. அதற்கு வார்த்தைக்கும் சுரத்துக்கும் நடுவே சுத்தமான இடைவெளி வேண்டும்.

குறையில்லாத கருவி என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆண்டுகளின் எஸ்.ஜி.யில் கழுத்தின் இணைப்பு பலவீனமானது. விழுந்தால் அங்கேதான் முறியும். பக்கவாட்டில் இழுக்கும் அதன் அதிர்வுக் கைப்பிடி சுருதியைக் கலைப்பதில் பேர்பெற்றது. லெஸ் பால் என்ற இசைக்கலைஞருக்கே தம் பெயர் தாங்கிய இந்தப் புது உருவம் பிடிக்கவில்லை. நல்ல கருவி என்பது குறையற்ற கருவி அல்ல. எந்தக் குறை எங்கே இருக்கிறது என்று வாசிப்பவர் அறிந்து, அதைத் தாண்டி வாசிக்க இடம் கொடுப்பது.

1960-களில் ஒளிபரப்பான 'டி.வி. காஸ்பல் டைம்' நிகழ்ச்சியின் ஒரு பதிவு இன்றும் கிடைக்கிறது. பின்னால் பாடகர் குழு நின்று கைத்தட்டிப் பாட, ரோசெட்டா பாட்டின் நடுவே வெள்ளைக் கிட்டாரோடு முன்னே வந்து தனித்து வாசிக்கிறார். முகத்தில் சிரமமே இல்லை. கிட்டார் வாசிக்கிற நம் பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டும், முக்கியமாக நம் பெண்பிள்ளைகள். தமிழ்ச் சபைகளில் சகோதரிகளுக்கு டாம்பரினைக் கொடுப்போம், கீபோர்டையும் கொடுப்போம். கிட்டாரைக் கொடுக்க ஏனோ இன்றும் தயங்குகிறோம்.

மற்றொரு பதிவு இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. 1964 மே 7-ஆம் தேதி, மான்செஸ்டரில் பயணிகள் சேவை நின்றுபோன வில்பிரஹாம் ரோடு ரயில் நிலையத்தை கிரனடா தொலைக்காட்சி மேடையாக மாற்றியது. ஒரு நடைமேடையில் ஜனங்கள். தண்டவாளத்துக்கு அப்பால் எதிர் நடைமேடையில் பாடகர்கள். நல்ல மழை. குதிரை வண்டியில் வந்திறங்கிய 49 வயது ரோசெட்டா, நீண்ட மேலங்கியோடு ஈரமான நடைமேடையில் நடந்துபோய் வெள்ளைக் கிட்டாரை மாட்டிக்கொண்டார். பெய்கிற மழைக்குப் பொருத்தமாக, நோவாவின் காலத்து மழையைப் பற்றிய 'டிடின்ட் இட் ரெயின்' பாட்டைத் தொடங்கினார். நனைந்து குளிர்ந்திருந்த ஆங்கிலேய வாலிபர்கள் கைத்தட்ட ஆரம்பித்தார்கள். பாட்டின் நடுவில் வரும் கிட்டார் பகுதியைக் கேட்டால், பின்னாளில் ஆண்கள் பலர் தங்களுடையதென்று பெயர்பெற்ற வாசிப்பு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

மழையைச் சொன்னதால் ஒரு எச்சரிப்பு. தயவுசெய்து எவரும் மழையில் மின் கிட்டார் வாசிக்க வேண்டாம். கிட்டாரின் தந்திகள் ஒயர் வழியாக ஆம்ப்ளிஃபயரோடும், அதன் வழியாக எர்த்தோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. வாடகை மண்டபங்களில் பல இடங்களில் எர்த் இணைப்பு பெயருக்கு மட்டுமே இருக்கும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு துளையில் செருகுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் ஒரே நேரத்தில் பட்டால் பயங்கரமான மின்னதிர்ச்சி தாக்கக்கூடும். இவ்விதமாக உயிரிழந்த இசைக்கலைஞர்கள் உண்டு. கிட்டாருக்குச் செலவழிக்குமுன் ஒரு எலெக்ட்ரீஷியனை அழைத்து மண்டபத்தின் எர்த்தைச் சோதிப்பது சபையின் பொறுப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் அதிகமில்லை. திறந்த தந்தியையும், அதே தந்தியை 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியும் மீட்டிப் பாருங்கள். மேலே ஒலிப்பது அதே சுரத்தின் மேல் ஸ்தாயியாகச் சரியாக நிற்க வேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தால் வளைவு தெரியும். ஜாக்கை அசைத்தால் கரகரக்கக் கூடாது. மும்பை மழைக்காலத்து ஈரத்தில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் துடைத்து வைத்தால் போதும். விலை உயர்ந்ததெல்லாம் நன்றாகச் செய்யப்பட்டதல்ல. 33ஆம் சங்கீதம் நம்மிடம் கேட்பது நேர்த்தியைத்தான். விளம்பரப் பெயரை அல்ல.

இனி, மூப்பர்களுடைய பாரத்திற்கு வருவோம். ரோசெட்டாவின் கதையில் அதற்கும் இடம் உண்டு. 1938-இல் அவர் நியூயார்க் சென்று, டெக்கா நிறுவனத்தில் பாடல்களைப் பதிவுசெய்தார். காட்டன் கிளப் என்னும் இரவு விடுதியிலும் பாடினார். மதுவும் நடனமும் உள்ள இடத்தில் தேவனுடைய பாட்டா என்று சபையார் இடறலடைந்தார்கள். ஆவிக்குரிய பாடல்களோடு உலகப்பிரகாரமான பாடல்களையும் அவர் பாடியபோது, அந்தக் காயம் ஆழமானது. 1951-இல் வாஷிங்டன் நகரின் கிரிஃபித் விளையாட்டரங்கில் தம் மூன்றாம் திருமணத்தை நுழைவுச்சீட்டு விற்று, ஏறக்குறைய 25,000 பேர் முன்னிலையில் நடத்தினார். பிறகு மணவாட்டியின் உடையிலேயே கிட்டார் வாசித்தார். இதையெல்லாம் நம் சபைகளில் நியாயப்படுத்த இயலாது. நியாயப்படுத்த வேண்டியதும் இல்லை. ஆனால் கிட்டாரை உலகம் சபைக்குக் கொடுத்ததென்று சொல்வோமானால், சபை உலகத்துக்குக் கொடுத்ததை யார் கணக்கில் எழுதுவது? 1945-இல் கறுப்பின மக்களின் இசைக்கான பில்போர்டு பட்டியலில் மேலே ஏறிய அவருடைய 'ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹேப்பனிங் எவ்ரி டே' ஒரு ஆவிக்குரிய பாடல். அதை முதல் ராக் அண்ட் ரோல் பதிவுகளில் ஒன்றாக எண்ணுகிற இசை ஆய்வாளர்கள் பலர்.

தாயார் கேட்டி பெல் மாத்திரம் மகளைக் கைவிடவில்லை. சுவிசேஷகியாகவே இருந்துகொண்டு மகளோடு தங்கினார். 1940-களின் இறுதியில் இருவரும் சேர்ந்து பாடிப் பதிவுசெய்தார்கள். 1960-களின் இறுதியில் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளில் ரோசெட்டாவுக்குப் பக்கவாதம் வந்தது; சர்க்கரை நோயினால் ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னும் அவர் வாசித்தார். 1973 அக்டோபர் 9-ஆம் தேதி பிலடெல்பியாவில் மரித்தபோது, அடுத்த ஒலிப்பதிவுக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தது.

2018-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம் அவருடைய பெயரைச் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்பு, ஏறக்குறைய 35 ஆண்டுகள், பிலடெல்பியாவின் நார்த்வுட் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம்பண்ணின இடத்தில் பெயர் எழுதிய கல் கூட இல்லை. 2008 ஜனவரியில் ஒரு இசை நிகழ்ச்சி நடத்திப் பணம் சேர்த்து, அதன் பின்பே கல்லை நாட்டினார்கள்.